நாற்பத்தோரு விநாடி

நான் கட்டிய வங்கிக்கு
வாசல் இல்லை, காவலாளி இல்லை,
பணமும் இல்லை.
ஏழு வரி, அவ்வளவுதான்.
இரண்டு ரிங்கிட் கேட்டால் "சரி" என்னும்.
இரண்டு கோடி கேட்டாலும் "சரி"தான்.
மாக் என்போம் அதை,
பாயான் லெப்பாஸில், ஆறாம் மாடியில்,
ஏர்கான் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்.

கடலும் செய்திருந்தேன்,
அலையில்லாமல்.
பட்டர்வொர்த்தில் கிளம்பும் என் ஃபெர்ரி
கிளம்பிய நொடியே தீவில் நிற்கும்.
ஏறுகிறவர்கள் பயணி ஒன்று, பயணி இரண்டு.
அலுப்பில் ஒருத்திக்கு மட்டும்
மங்களாம்பிகை என்று பெயர் வைத்தேன்.
அவள் அட்டையில் எப்போதும் காசு இருக்கும்.

இருநூற்றுப் பதினான்கு சோதனை,
அத்தனையும் பச்சை.
ஹஃபிஸா எட்டிப் பார்த்து
கெடா வயல் மாதிரி இருக்கிறது என்றாள்.

செத்த கன்றின் தோலில் வைக்கோல் திணித்து
கறவையின் முன்னால் நிறுத்துவார்களாம்.
மாடு நக்கும், பால் சுரக்கும்.
நான் மாடு வளர்த்ததில்லை.
ஆனாலும் அந்த வாரம் முழுக்க
நக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

திங்கள், காலை ஆறு நாற்பது.
மழை.
ஷிப்டுக்குப் போகும் மோட்டார்கள்
புகையும் ஹாரனுமாய் வரிசையில்.
முதல் அட்டை தொட்டது.
நிஜ வங்கி
சரி என்று சொல்லவில்லை,
முடியாது என்றும் சொல்லவில்லை.
சும்மா இருந்தது.
நாற்பத்தோரு விநாடி.

தடுப்புக் கம்பி அசையவில்லை.
மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒருவர்
என் பரம்பரையை ஹொக்கியனில் விசாரித்தார்.
பாதிப் பேரை விட்டுவிட்டு
ஃபெர்ரி போயேபோய்விட்டது.

பூன் கியட் திட்டவில்லை.
என் ஏழு வரியைப் படித்துவிட்டு
"இது யார் வீட்டு வங்கி?" என்றான்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு
இன்னொரு வங்கி எழுதினேன்.
தூங்கு.
நாற்பத்தோரு விநாடி தூங்கு.
எழுந்தாலும் வாய் திறக்காதே.
ஓட்டினேன். சிவப்பு.
கோப்பி ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.
அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க
என்னவோ ஒரு நிம்மதி.

அந்த இரவே சுகிர்தனைக் கூப்பிட்டேன்.

பத்து நாளாக,
பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்த போதெல்லாம்
பக்கத்து இருக்கையில் ஒரு சுகிர்தனை வைத்துப்
பேசிப் பார்த்திருந்தேன்.
அவன் மூன்று விதமாக மறுப்பான்:
சிரித்து,
வக்கீல் பெயரைச் சொல்லி,
போனை வைத்து.
மூன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.
நல்ல பதில்கள்.
ஒன்றைச் சொல்லும்போது
டோல்கேட்டில் அழுதுகூட விட்டேன்.

"நேத்ரா இனிமே என்கிட்டயே இருக்கட்டும்."

"சரி" என்றான்.
"அவ சைக்கிளை எப்ப வந்து எடுத்துக்கிறே?"

அடுத்த வரி என்னிடம் இல்லை.
பால்கனிக் கம்பியில் காயப்போட்டிருந்த
அவளுடைய பள்ளிக் காலுறை
ஒன்று மட்டும் நனைந்துகொண்டிருந்தது.
எத்தனை விநாடியோ, எண்ணவில்லை.

"ஹலோ, லைன்ல இருக்கியா?"

அவன் குரலுக்குப் பின்னால்
மின்விசிறி ஒன்று
ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கோ இடித்துக்கொண்டிருந்தது.
டக். டக்.
நான் செய்த சுகிர்தனின் வீட்டில்
அந்த மின்விசிறி இல்லை.