வத்தளை அல்ல

புதுக்கடையில், சட்டத்தரணியின் மாடி அறையில்
பெயர் தேடுவது என் வேலை.

காணி உறுதிக்கு அக்காவின் கையெழுத்து வேண்டுமாம்.
பெயர் பிலோமினா என்றார் எஸ்தாக்கி.
ஆங்கிலத்தில் அதற்கு மூன்று எழுத்துக்கூட்டு,
ஒவ்வொரு கிளாக்கருக்கும் ஒவ்வொன்று.
ஓர் 'அல்லது' போட்டேன்,
பிறகு இன்னோர் 'அல்லது'.
'மற்றும்' கொட்டாஞ்சேனை.

அடைப்புக்குறியை மறந்துபோனேன்.
தீவிலுள்ள பிலோமினாக்கள் எல்லாரும்
திருவிழாவுக்கு வந்ததுபோல் திரையில் நெரிந்தார்கள்.
நாலாயிரத்துச் சொச்சம்.

மூன்று பெயரையும் வளைத்து வேலி கட்டினேன்.

"வத்தளையைப் பாக்க வேணாம், தங்கச்சி.
அந்தப் பெடியன்ட ஊர்.
செத்தாலும் அங்க போயிருக்க மாட்டா."
சரி: வத்தளை அல்ல.

பத்தொன்பது பேர்.
பிறந்த வருடத்தையும் கூட்டினேன்.
கூட்டக் கூட்டக் குறையும், அதுதான் இதன் கணக்கு.
சைபர்.

அல்ல என்று சொன்னது நாங்கள்.
இல்லை என்று சொன்னது அது.
இரண்டும் ஒன்றென்று நினைத்து
எஸ்தாக்கி தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கினார்.

வெயில் மேசைக்கு வந்திருந்தது.
அந்த ஒரு சொல்லை மட்டும் அழித்துப் பார்த்தேன்.

ஒரே பதிவு.
முன்னர் கொட்டாஞ்சேனை, தற்போது வத்தளை.
இரண்டு ஊரும் ஒரே வரியில் இருந்ததால்
ஒன்றைத் தள்ளியபோது
ஆளும் சேர்ந்து போயிருக்கிறாள்.
கணவர் என்ற கட்டத்தில் ஒரு பெயர்.
பிள்ளைகள் மூன்று.

படியில் செருப்புச் சத்தம்.
அச்சுத்தாள் இன்னும் சுடுகிறது,
கவிழ்த்து வைத்திருக்கிறேன்.
"கிடைச்சுதா?" என்று கேட்பார்.
ஓம். அல்லது