நனையாத பொதி

சலங்குப் படகில் ஆணி கிடையாது.
பலகைக்குப் பலகை துளைபோட்டு
தென்னங்கயிற்றால் தைத்தது.
அலை அறைந்தால் இரும்பு பிடுங்கிக்கொள்ளும்,
கயிறு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்.
முத்தியாலுப்பேட்டைக் கரையிலிருந்து
அப்படித்தான் எல்லாவற்றையும் கப்பலுக்கு ஏற்றினோம்.
துணி, வெடியுப்பு, உயிரோடு ஆடு.
பஞ்சம் வந்த வருசம்
ஆள்.

பொதிக்கு ஒரு கூலி. தலைக்கு ஒரு கூலி.
பொதி நனைந்தால் இரண்டு பணம் அபராதம்.
ஆள் நனைந்தால் ஒன்றுமில்லை.
கோனேரிச் செட்டியின் கணக்கப்பிள்ளை
முதல் நாளே சொல்லிவிட்டான்,
வெற்றிலையை மறுகன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு.

அன்றைக்கு ஏழு பொதி, ஒன்பது பேர்.
சாவடியில் பதிந்து, காசு கட்டி,
ஈரமணலில் உட்காரவைத்திருந்தார்கள்.
எட்டுப் பேரைப் பார்க்காமல் இருக்க முடிந்தது.
ஒருத்தியின் விரல்கள் சிவப்பு.
பத்தும். நகக்கண் வரைக்கும்.
துரை ஓரடி பின்னால் போனான்.
'நோய் இல்லை துரையே,
சாயவேர் தோண்டுகிறவள்' என்றான் துபாசி,
அவளைக் கேட்காமலே.
ஆனாலும் அந்த விரல்களுக்காக
ஒரு மரக்கால் குறைத்தார்கள்.

கணக்கன் உரக்கப் படித்ததால் எனக்கும் தெரியும்:
பெயர் பூங்காவி.
ஊர் பொன்னேரிக்கு மேற்கே.
விற்றவர், தானே.
பெற்றது ஐந்து மரக்கால் அரிசி.
அரிசியை யார் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்
என்பதற்கு ஓலையில் இடமில்லை.

முதல் அலையைத் தாண்டினோம்.
கட்டிய கைகளோடு அவள் குனிந்து
பக்கத்துப் பொதியை முகர்ந்தாள்.
'ரெண்டு வருசத்து வேரு' என்றாள்.
'ஒரு வருசத்துல புடுங்குனா
இந்த வாசன வராது.'
யாரும் பதில் சொல்லவில்லை.
இன்னொரு தரம் முகர்ந்தாள்.
'எங்க மணல்தான்.'

இரண்டாவது அலையும் போயிற்று.
மூன்றாவதை நான் தாமதமாகத்தான் பார்த்தேன்.
சுவராக எழுந்து நின்றது.
'பொதி! பொதி!' என்று கத்தினேன்,
துடுப்புக்காரர்களைப் பார்த்து.
அவள் அந்தப் பொதிமேல் குப்புற விழுந்தாள்.
விழுந்தாளா, படுத்தாளா,
இன்றுவரை எனக்குத் தீரவில்லை.
தண்ணீர் மொத்தமும் அவள் முதுகில் இறங்கியது.

கப்பல் ஓரத்தில் பொதியைத் தூக்கும்போது பார்த்தேன்.
மேல்சாக்கு முழுக்க ஈரம்,
நடுவில் மட்டும்
ஓர் ஆள் கிடந்த அளவுக்கு வறண்டிருந்தது.
வெள்ளைக்காரக் கணக்கன் தையலைப் பிரித்து
உள்ளே கைவிட்டுப் பார்த்தான்.
சிரித்தான். எனக்கு அரைப்பணம் கொடுத்தான்.
அவளை இருமச் சொன்னான்.
இருமினாள்.
ஏணியைக் காட்டினான்.
எந்தத் துறைக்குப் போகிறார்கள் என்று
என் பாஷையில் சொல்ல அங்கே ஆளில்லை.
பொதிமேல் மட்டும் ஏதோ எழுதியிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும்.
எங்களுக்குப் படகைக் கவிழ்க்கத் தெரியும்.
துரைசானிகள் வரும்போது
அலைக்குக் குறுக்கே கொஞ்சம் காட்டினால் போதும்,
வீறிட்டுக்கொண்டே மோதிரத்தைக் கழற்றுவார்கள்.
கரையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.
அன்றைக்கும் பின்துடுப்பு என் கையில்தான் இருந்தது.
முதல் அலையில் கரை கூப்பிடு தூரம்,
தண்ணீர் மார்பளவு,
பின்னால் இரண்டு கட்டுமரம்,
ஒன்றில் என் மைத்துனன் தொப்பளான்.
கயிற்றை அறுக்கக் கத்தி இடுப்பில்.
ஒருவரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள்,
கடல் என்றிருப்பேன்.

நான் நேராகப் பிடித்தேன்.
அவ்வளவு நேராக
அதற்கு முன்னாலும் பிடித்ததில்லை,
பின்னாலும் இல்லை.

சாயங்காலம் அந்த அரைப்பணத்துக்கு
அரிசி வாங்கினேன்.
அளந்தவன் படியைத் தட்டித் தட்டி
விரலால் தலைவழித்தான்.
எத்தனை படி வந்தது என்று
என் வீட்டில் கேட்டார்கள்.
எண்ணவில்லை என்றேன்.