சீனி

பேர் சீனி முகம்மது.
உடம்பில் அதுதான் நிற்கவில்லை.

பாசிர் பாஞ்சாங்கில் பாரந்தூக்கி ஓட்டினேன்.
போன வருட நோன்பில், அஸருக்குச் சற்று முன்,
காலடியில் கப்பல் இரண்டாகப் பிரிந்தது.
மேற்பார்வையாளர் ரோஸ்லி
நோன்பாளியின் வாயை முகர்ந்தார்.
கருவி பூஜ்யம் காட்டியது. அவருக்கு வெட்கம்,
எனக்கு வியர்வை.

வலிப்பென்றார்கள், மனசென்றார்கள்.
மெஹ்ருன்னிசாதான் சொன்னாள்:
"ரெண்டு பேரீச்சம்பழம் தின்னா தெளிஞ்சிடுறார்."
டாக்டர் இயோ பேனாவை நிறுத்தி
அதை மறுபடி சொல்லச் சொன்னார்.

பிறகு வார்டில் எழுபத்திரண்டு மணி நேரப் பட்டினி.
தண்ணீர் உண்டு. ஸஹர் இல்லை, இஃப்தார் இல்லை,
விரல் நுனியில் ஊசி மட்டும் வேளை தவறாமல்.
நாற்பத்தோராம் மணியில் தாதி கேட்டாள்: உங்கள் பெயர்?
ஒரு கொள்கலனின் எண்ணைச் சொன்னேனாம்,
நான்கெழுத்து, ஏழிலக்கம், பிழையே இல்லை.
சீனி, இரண்டு புள்ளி ஒன்று.

முதலில் ரத்தம் எடுத்தார்கள், பிறகுதான் குளுக்கோஸ்.
நடுவில் போன அந்த அரை நிமிடத்தை
மெஹ்ருன்னிசா இன்னும் மன்னிக்கவில்லை.

கணையத்தின் வாலில் பதினான்கு மில்லிமீட்டர்.
கொண்டைக்கடலை அளவு,
யாரும் கேட்காமலே
இன்சுலின் வார்த்துக்கொண்டு.
அரிது என்றார் டாக்டர், வாழ்த்துவது போல.
வயிற்றில் நான்கு துளை; கடலையை மட்டும் தோண்டினார்கள்.
வால் என்னிடமே இருக்கிறது.

தேக்காவில் இப்போது "கோப்பி ஓ கோசோங்" என்கிறேன்.
"ஏன் பாய், சீனி வியாதியா?"
விளக்கினால் கோப்பி ஆறிவிடும். தலையாட்டுகிறேன்.

கம்பெனி இன்னும் மேலே ஏற்றவில்லை.
கீழே நின்று பூட்டுகளைச் சரிபார்க்கிறேன்,
சட்டைப்பையில் ஒரு மிட்டாய்.
வெயிலில் உருகி
தாளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.