விளி

வரைபடத்தில் வாள் இல்லை, கழுகு இல்லை,
பிள்ளையை மடியில் ஏந்திய வெண்கலத் தாயும் இல்லை.
பைன் காட்டோரம் நீளமாய் ஒரு சுவர்.
நெஞ்சளவு உயரம், சாம்பல் நிறக் கிரானைட்.
அவ்வளவுதான்.

"வெற்றி எங்கே?" என்றார் குழுவில் ஒருவர்.
வடிவமைத்த ஸெல்மா
தண்ணீர்க் குவளையைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.
"எந்த வருஷத்து வெற்றி?"
லாட்வியாவில் அந்தக் கேள்விக்குப் பிறகு
சற்று நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

சுவரின் உச்சி ஏன் சரிந்திருக்கிறது?
மழைநீர் வடிய.
திறப்புவிழாக் கையேட்டில் அதுவே
தேசத்தின் குனிந்த தலை ஆயிற்று.
ஸெல்மா மறுக்கவில்லை.
நீரும் ஒழுங்காகத்தான் வடிகிறது.

பெயர்கள் மட்டும். பதவி கிடையாது,
எந்தப் படை, யார் மாட்டிவிட்ட சீருடை
எதுவும் கிடையாது.
அகரவரிசை ஒன்றே தளபதி.
இன்னும் கிடைக்காதவர்களுக்காக
நடுநடுவே வெற்றிடம் விட்டிருந்தாள்,
பல் விழுந்த ஈறுபோல.

இலக்கணம் படித்தவன் கண்ணுக்குச்
சுவர் முழுக்க எழுவாய்.
எழுவாய் எழுவாய் என்று
ஆயிரக்கணக்கில் அடுக்கியும்
எழுந்தவர் ஒருவர் இல்லை.
வாக்கியத்தை முடித்துவைக்கப்
பயனிலை எங்கும் செதுக்கப்படவில்லை.

வில்னிஸ் கல்லில் எழுதுகிறவன்.
சாலைக்குத் தோண்டும்போதோ
சதுப்பில் வாய்க்கால் வெட்டும்போதோ
அகப்பட்ட எலும்புக்கு
ஒரு பெயரும் அகப்பட்டால்
அவனுக்குக் கடிதம் போகும்.
எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி.

அந்த நாட்டில் ஆண்பெயர்கள் பெரும்பாலும்
'ஸ்' என்று முடியும்.
செதுக்கச் சிரமமான எழுத்து.
வளைவில் உளி வழுக்கும்,
ஒரு சில்லு தெறித்தால் பலகையே போச்சு.
வீட்டுக்குள் கூப்பிடும்போது மட்டும்
அது உதிர்ந்துவிடுகிறது.
சூப் ஆறுகிறது, கதவைச் சாத்து,
மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது என்று
கத்துகிற வாயில் 'ஸ்' தங்காது.

அந்த நவம்பரில் ஒரு வெற்றிடம் நிரம்பியது.

க்ரௌக்லிஸ் ஆர்விட்ஸ்
க்ரௌக்லிஸ் இந்துலிஸ்

ஒரே சதுப்பின் எதிரெதிர்க் கரைகளில்
ஒருவரையொருவர் நோக்கிச் சுட்டிருக்கக்கூடிய இருவர்
இப்போது இரண்டு விரற்கடை தூரத்தில்.

தங்கை மிர்ட்ஸா வந்தாள், வயது எண்பத்தொன்று.
மெழுகுவர்த்தி காற்றில் மூன்றுமுறை அணைந்தது, விட்டுவிட்டாள்.
கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள்.
புதுப் பெயரின் கடைசி எழுத்தைக்
கட்டைவிரலால் மூடினாள்.
இந்துலி.
பிறகு மேலே.
ஆர்விட்.
சாப்பிடக் கூப்பிடும் குரல்தான்,
கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது.

வில்னிஸ் உளிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தான்.
கட்டிய முடிச்சையே திரும்பக் கட்டினான்.

விளி என்றால் கூப்பிடு.
பழந்தமிழில் விளி என்றால் செத்துப்போ.
ஒரு சொல்லில் இரண்டு பேரைக் குடிவைத்தவன்
எந்தச் சுவரருகே நின்றானோ.

மறு வருஷம் ஏழு பெயர்கள்.
கண்காணிப்பாளர் அளவுகோலோடு வந்தார்.
"மற்றதெல்லாம் நான்கு மில்லிமீட்டர் ஆழம்,
கடைசி எழுத்து மட்டும் இரண்டு."
"உளி மழுங்கிவிட்டது" என்றான்.
"ஏழு தடவையுமா?"
"ஏழு தடவையும்."

அவர் சுவரின் சரிவைப் பார்த்தார்.
நீர் இறங்கும் தடத்தைப் பார்த்தார்.
எத்தனை பனிக்காலம் போனால்
எந்த எழுத்து முதலில் கரையும் என்று
கணக்குப் போட்டாரோ என்னவோ,
பட்டியலில் கையெழுத்திட்டார்.
'ஸ்'களுக்கும் முழுக் கூலி.

"வண்டியில் ஏறு, வில்னி" என்றார்.
"மழை வருகிறது."