உச்ச எல்லை

யாப்பைத் திருத்தப்போகிறார்களாம்.
கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்து
நகர மண்டபத்தில் வெள்ளைவிரிப்பு மேசைக்குப் பின்னால் இருந்தார்கள்.
கூரைத் தகரம் வெயிலில் முறுகிக்கொண்டிருந்தது.
சோலைவரிப் பகுதி எழுதுவினைஞர் என்பதால்
வருகிறவர்கள் சொல்வதை எழுத என்னை இருத்தினார்கள்.

சோலைவரி.
யார் வைத்த பெயரோ.
பதினொரு வருடமாய்த் துண்டு அனுப்புகிறேன்,
ஒரு மரத்துக்கும் நான் வரி போட்டதில்லை.

முதலில் உதுமாலெவ்வை எழும்பினார்.
பிரதான வீதியில் இரண்டு மாடி, கீழே சாரிக்கடை.
மதிப்பீட்டாளர் ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்,
வரி இரண்டு மடங்காயிற்று என்றார்.
"நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஏத்தப்படாது.
சபைத் தீர்மானம் வேணாம், அது தேர்தலோட போயிடும்.
யாப்பில எழுதுங்க,
கல்லில வெட்டின மாதிரி."
கை தட்டினார்கள். எழுதினேன்.

அரசடியிலிருந்து ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்
சதவீதங்களை நாலாய் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.
எழுதினேன்.
எல்லை கட்டினால் குப்பை வண்டிக்கு யார் டீசல் அடிப்பது என்று
எங்கள் ஆணையாளர் முணுமுணுத்ததையும்
சிறிய எழுத்தில் எழுதினேன்.

பள்ளிக்கூடத்தில் யாப்பு என்றால் வேறொன்று.
வெண்பாவின் கடைசி அடியில் மூன்று சீர்தான்,
நாலாவதை வைத்தால் திலகவதி ரீச்சர் பிரம்பெடுப்பா.
எவ்வளவு துக்கமென்றாலும்
அதற்குள் முடித்துவிட வேண்டும்.

மூன்றரை மணிக்கு, பேர் பதியாமல்,
புஸ்பமலர் வந்தா.
திராய்மடுவிலிருந்து பஸ்.
கையில் ஒரு பை, அதற்குள் இன்னொரு பை,
அதற்குள் ரப்பர் வளையம் போட்ட பற்றுச்சீட்டுகள்.
நாவலடி, இலக்கம் நாற்பத்தொன்று.
கதிராமத்தம்பி பெயரில்.

நான் அந்த இலக்கத்துக்குப் போயிருக்கிறேன்.
அளவுநாடாவின் மறுநுனியைப் பிடிக்க ஆளில்லை,
கல்லொன்றைத் தூக்கி வைத்து இழுத்தேன்.
இருபத்திரண்டடி அத்திவாரம்,
ஒரு படி,
படிக்குப் பிறகு மணல்,
மணலுக்குப் பிறகு கடல்.
கட்டடம்: இல்லை என்று படிவத்தில் போட்டேன்.
குடியிருப்போர் என்ற கட்டத்தை
வெறுமனே விட்டேன்.

"உங்கட கோரிக்கை என்னம்மா,
கூட்டாம இருக்கவா, குறைக்கவா?"
மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"ஒண்டும் குறைக்க வேணா சேர்.
வெறுங்காணி எண்டு சொல்லி இந்த வரிசம்
துண்டு வரல்ல.
சுனாமிக்கு மறுகா பதினெட்டு வரிசமா
முந்நூத்தி அறுபது ரூவா கட்டிக்கிட்டு வாறன்.
அங்க வீடு கட்டப்படாது எண்டாங்க, கட்டல்ல.
தைக்குள்ள காசக் கட்டினா பத்து வீதம் கழிவாம்,
கழிவு வேணா எண்டு
மாசி மட்டும் பாத்திருந்துதான் கட்டுறன்.
அவர்ர பேருக்கு
அரசாங்கம் இன்னும் அனுப்புற கடிதம்
அது ஒண்டுதான்."

யாரோ செருமினார்கள்.
உதுமாலெவ்வை தன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
மொழிபெயர்ப்பாளர் தொடங்கி, நிறுத்தி,
மறுபடி தொடங்கினார்.
சிங்களத்தில் அது மிகவும் சின்ன வசனமாய் வந்தது.
தலைவர் தலையாட்டினார். அடுத்தவர்.

என் தாளில் இரண்டே நிரல்கள்:
உச்ச எல்லை வேண்டும். உச்ச எல்லை வேண்டாம்.
அவவை எங்கே எழுத?
துண்டு ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.
இல்லை என்ற சொல்லுக்குக் கீழே
என் கையெழுத்துத்தான்.

ஐந்து மணிக்குக் கந்தோருக்குத் திரும்பி
பதிவேட்டைத் திறந்தேன்.
அந்தச் சொல்லை ஒரு கோட்டால் வெட்டி
'படி, ஒன்று' என்று எழுதினேன்.
பெறுமதி எவ்வளவு போடுவதென்று தெரியவில்லை,
பழைய தொகையையே போட்டேன்.
பெயரில் கை வைக்கவில்லை.

கணக்காய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்,
படியை அளந்தீரா என்று.
அளந்தேன்.
மூன்றடி, ஆறங்குலம்.