கடைமடை

எங்கள் அலுவலகத்தில்
கூட்ட அறைகளுக்கு ஆறுகளின் பெயர்.
மதிப்பெண் பங்கீடு எப்போதும் காவிரியில்.
பெல்லந்தூர் ஏரியைப் பார்த்த ஜன்னல்;
நாற்றம் நுழையாதபடி
திறக்கவே முடியாமல் செய்து வைத்தது.

ஏழு மேலாளர்கள், அதில் நான் ஒருத்தி.
முப்பத்தொரு பெயர்கள்.
நாலு பேருக்குத்தான் ஐந்து என்பது
மேலிடத்து அளவு.
கடைமடைக்கு வரும்போது
மண்ணில் ஈரம் இருந்தால் உண்டு.

அபினந்த் பெயர் வந்தது.
அக்டோபரில் அவன் ஏற்றிய நிரல்
பணப் பட்டுவாடாவை மூன்று மணி நேரம் நிறுத்தியது.
"துணிஞ்சு இறங்குறான்" என்றார் ஸ்ரீகாந்த்.
ஐந்து.

சிந்துஜா பெயர் வந்தது.
அந்த மூன்று மணி நேரமும்
சில்க் போர்டு நெரிசலில் ஆட்டோவுக்குள்
மடியில் லேப்டாப்பை விரித்து
அதைச் சரிசெய்தவள்.
"நல்ல பொண்ணு. எல்லாருக்கும் உதவுவா."
நல்ல பொண்ணுக்கு மூன்று.
"டிசம்பரில் கல்யாணமாமே"
என்றது பிஸ்கட்டை டீயில் நனைத்த ஒரு வாய்.
அது மட்டும் குறிப்பில் ஏறவில்லை.

அவள் என் அணி.
பேச வேண்டியவள் நான்.
போன வருடம் என் தாளில் எழுதியிருந்தார்கள்:
சில சமயம் குரல் ஓங்குகிறது.
தண்ணீர் குடித்தேன்.
மூன்று சரி என்று சொன்னேனா?
இல்லை, அதைக்கூடச் சொல்லவில்லை.
தலை அசைந்தது.

மறுநாள் துங்கபத்ரா காலியில்லை.
காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று சொன்னேன்.
"எதில் குறைஞ்சேன், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க"
என்று கேட்டாள்.
படிவத்தில் இருந்ததை வாசித்தேன்:
செய்வது பிறர் கண்ணில் பட வேண்டும்.

கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்தாள்.
"ஆட்டோக்காரர் பார்த்தாரே.
சிக்னல் கிடைக்கிற இடமாத் தேடி
ஓரங்கட்டி நிறுத்தினார்.
வெயிட்டிங் சார்ஜ்கூட வாங்கலை."

அழுதிருந்தால்
ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன்.
சர்க்கரை போடாமலே கலக்கிக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குப் படிவம் பூட்டிக்கொள்ளும்.
இப்போது ஐந்து நாற்பது.
காவிரியில் அடுத்த அணிக்குப் பங்கீடு.
கதவைத் தள்ளுகிறேன்.
ஸ்ரீகாந்த் நிமிர்கிறார், பேனா மூடியைக் கடித்தபடி.

முதல் சொல் கிடைப்பதற்குள்
குரல் ஓங்கிவிட்டது.