ஐம்பத்தைந்து நிமிடம்

ஆவி ஓவன் அவளுக்கு, மேசை எனக்கு என்று
வக்கீல் தாளில் எழுதியிருந்தது.
அழுக்கு யாருக்கு என்று எழுதவில்லை.

ஓரோசியா நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.
நான் இரண்டரைக்கே தொடங்கினேன்.
கம்பித் தட்டுகளை வெந்நீரில் ஊறப்போட்டு
பத்து நிமிடம் வெறும் ஆவியை ஓடவிட்டுத் திறந்தபோது
கண்ணாடி முழுக்க வியர்த்திருந்தது.
பழைய கோழிக்கொழுப்பு ஈரத்துணிக்கு இணங்கி வந்தது.
இணங்காததன் மேல் சோடா மாவைக் குழைத்துப் பூசிவிட்டு
ஒரு சிகரெட் பிடித்தேன்.
இரும்பு நார் போடாதே, கீறும் என்று
அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.
இன்றைக்குப் போடவில்லை.

கதவோர ரப்பரின் மடிப்பில்
துணி சுற்றிய விரலை ஓட்டினேன்.
எள். ரொட்டித்தூள்.
யாருடைய பிறந்தநாளோ, ஒரு நீலச் சர்க்கரை மணி.
காற்றாடி மூடியில் நான்கு திருகுகள்.
மூன்றைக் கழற்றினேன்.
நான்காவதில் திருப்புளி வழுக்கியது,
பிளக்கைப் பிடுங்கினேனா என்பதும்
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
மூன்றையும் திரும்ப மாட்டிவிட்டேன்.

அவள் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.
சியெர்சோ காற்று அவளோடு மாடியேறி
வாசலில் நின்று கதவை ஆட்டியது.
கீழே கிரெகோரியோ வண்டியில் இருக்கிறான்,
தூக்கலாமா என்றாள்.
பிறகு குனிந்து
பொத்தான்களுக்குக் கீழே ஒட்டியிருந்த கறுப்பு நாடாவை
நகத்தால் உரித்தாள்.

ஆரஞ்சு விளக்கு.
எரிந்துகொண்டேயிருந்தது, அடியில்,
பதினான்கு மாதமாக.

பூனையாவது தன் கண்ணைத்தான் மூடும்.
நான் ஓவனின் கண்ணை மூடியிருந்தேன்.

சரகோசாத் தண்ணீர் அப்படி.
எப்ரோ ஆறு வழிநெடுகப் பாறையை நக்கிக்கொண்டு வந்து
எங்கள் குழாயில் கக்கும்.
கெட்டிலுக்குள், ஷவரின் துளைகளில், குவளையின் கழுத்தில்
கேட்காமலே வெள்ளையடிக்கும்.
கொதித்தால் ஆவி போய்விடும்.
கல் போகாது.

இழுப்பறையில் சிட்ரிக் அமிலப் பொட்டலம்
பிரிக்காமலே கிடந்தது.
கரைத்து நீர்ப்பெட்டியில் ஊற்றினேன்.
அழுத்தினேன்.
திரையில் 55.
அதற்குக் கீழே பொடி எழுத்தில்:
இடையில் நிறுத்த முடியாது.

‘நான் அங்கே போய்ச் செய்துகொள்ள மாட்டேனா?’
‘அழுத்திவிட்டேன்.’

அது குடகுடவென்று இழுத்தது. நிறுத்தியது.
யாரோ சொல்ல வாயெடுத்து விழுங்கியதுபோல் ஒரு சத்தம்.
திரும்ப இழுத்தது.

48-இல் காப்பி வைத்தேன்.
41-இல் கோட்டின் மேல் பொத்தான்கள் இரண்டு கழன்றன.
கீழே கிரெகோரியோ ஹாரன் அடித்தான்.
ஜன்னல் பக்கம் யாரும் போகவில்லை.
33-இல் கேட்டாள்:
நாடா எதற்கு?
ராத்திரி கூடத்தில் படுத்தால் கண்ணில் குத்தியது என்றேன்.
கூடத்தில் நான் படுக்கத் தொடங்கியது எப்போது என்று
அவள் மனக்கணக்குப் போடுவது தெரிந்தது.
பதினான்கு.
சரியாகத்தான் வந்தது.

முதல் அலசலுக்கு
அவளே எழுந்து சொட்டுத் தட்டை உருவினாள்.
கலங்கிய நீர், அடியில் நொய்யரிசிபோல் வெள்ளைத் துகள்.
‘இவ்வளவா’ என்றாள்.
ஓவனைத்தான் சொன்னாள்.
தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.
அடுத்த இரண்டு அலசலுக்கும் ஒரு வாணலியை வைத்துச் சமாளித்தோம்,
அது கோணலாக நின்றது,
தரையெல்லாம் புளித்த வாசனை,
அவள் துடைத்தாள், நான் பிழிந்தேன்.

பூஜ்யம் வந்தது. ஒரு பீப்.
ஆரஞ்சு அணைந்தது.
உள்ளே ஈரம் ஒற்றி, கதவை ஒரு விரல் திறந்துவைத்து
ஆறட்டும் என்றாள்.
அதற்கும் பத்து நிமிடம் ஆயிற்று.
கிரெகோரியோ முணுமுணுத்தபடி ஏறிவந்து ஒரு பக்கம் பிடித்தான்.

போய்விட்டார்கள்.

சொட்டுத் தட்டு இங்கே
பாத்திரத் தாங்கியில் கவிழ்ந்து கிடக்கிறது.
அது இல்லாமல் ஆவி போட்டால் அவள் வீட்டுத் தரை நனையும்.
அது அவளுக்குத் தெரியும்.

படியிறங்குமுன் அவள் அதைப் பார்த்தாள்.
பார்த்ததை நான் பார்த்தேன்.